டிராகனிடம் செய்கூலி, சேதாரம் கேட்கும் காமிக்: தமிழில் வரைய கிரிட்டா எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் மேசை விளையாட்டுகளைச் சுற்றி நடக்கும் கூத்தைத் தமிழில் வெப்காமிக்காக வரைய நினைப்பவர்களுக்கு கிரிட்டா தாராளமாகப் போதும். காசு கொடுத்து வேறு மென்பொருள் தேட வேண்டியதில்லை. ஆனால் பேச்சு பலூனுக்குள் போகும் தமிழை மட்டும் அதில் எழுதாதீர்கள். படம் கிரிட்டாவில், பேச்சு இங்க்ஸ்கேப் என்ற இன்னொரு வரைகலை மென்பொருளில் என்று பிரித்துக்கொண்டால் வேலை சுத்தமாக முடியும். சிரிப்புக் காமிக்கில் வசனம்தான் பாதி உயிர். அது பலூனுக்குள் பிதுங்கி நின்றால் எவ்வளவு நன்றாக வரைந்திருந்தாலும் வாசகர் சிரிக்க மாட்டார்.

கிரிட்டா, கேடிஇ சமூகத்திலிருந்து வந்த திறமூல ஓவிய மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் ஓடும், ஐபேடுக்குக் கிடையாது. அதன் சொந்தத் தளத்தில் இறக்கினால் இலவசம். ஸ்டீமிலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் விலைக்கு இருப்பது அதே மென்பொருள்தான். அங்கே கொடுக்கும் பணம் உருவாக்குபவர்களுக்குப் போகிறது. கீழே சொல்வதெல்லாம் கிரிட்டா 5.2 பதிப்பு வரிசையை விண்டோஸ் லேப்டாப்பில் ஓட்டுவதை வைத்து.

இந்த வகைக் காமிக்குக்கு என்றே சில தேவைகள் உண்டு. முதலாவது, ஒரே மேசை, அதைச் சுற்றி அதே நாலைந்து முகங்கள், வாராவாரம். இரண்டாவது, இரண்டு உலகங்கள்: சேலத்து மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் ஒரு பக்கம், அவர்கள் ஆடும் வீரர், திருடர், மந்திரவாதி இன்னொரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவிலிருக்கும் தூரத்தில்தான் நகைச்சுவையே பிறக்கிறது. மூன்றாவது, பகடை. அதைத் தப்பாக வரைந்தால் விளையாடுகிறவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். நான்காவது, நிறைய பேச்சு. முதல் மூன்றிலும் கிரிட்டா பிரமாதம். நான்காவதில்தான் தடுமாறுகிறது.

கேன்வாஸும் லேயர்களும்

கைபேசியில் படிப்பவர்களுக்காக 1080 × 1350 பிக்சலில் வெளியிடுவதென்றால், வரைவதை இரு மடங்கில், அதாவது 2160 × 2700-ல் வைத்துக்கொள்ளுங்கள். 8 பிட் நிறத்தில் இந்த அளவுக்கு முழுதாக நிரம்பிய ஒரு லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்) 23 எம்பி நினைவகம் எடுக்கும். நாற்பது லேயர் ஆனால் ஒரு ஜிபியை நெருங்கும். அதற்கு மேல் அன்டூ வரலாறு வேறு. 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் இது சிரமமில்லாமல் ஓடும். 4 ஜிபியில் பிரஷ் இழுத்த பிறகு கோடு தாமதமாக வரத் தொடங்கும். காரணம், கிரிட்டா இயல்பாக ராமில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். அது நிரம்பினால் டிஸ்க்கில் எழுதப் போய்விடும். முடிந்த பேனல்களின் வண்ண லேயர்களை ஒன்றாக இணைத்துவிட்டால் மூச்சு திரும்பும். 16 பிட்டில் தொடங்கினால் எல்லாக் கணக்கும் இரட்டிப்பாகும். சிரிப்புக் காமிக்குக்கு அது தேவையே இல்லை.

ஒவ்வொரு பேனலையும் ஒரு குரூப் லேயராக வையுங்கள். குரூப்பின் அடியில் பேனலின் வடிவத்தை நிரப்பிய ஒரு லேயர். அதற்கு மேலுள்ள லேயர்களில் ஆல்ஃபா குறியை அழுத்தி 'இன்ஹெரிட் ஆல்ஃபா' போட்டால், படம் பேனலுக்கு வெளியே சிந்தாது. இதில் புதியவர்கள் எல்லோரும் மாட்டும் இடம் ஒன்று உண்டு. இந்த வசதி, தனக்குக் கீழே ஒரு லேயரை மட்டும் பார்ப்பதில்லை. அதே குரூப்பில் கீழே உள்ள எல்லா லேயர்களையும் சேர்த்துப் பார்க்கும். குரூப் போடாமல் நேரடியாக வேலை செய்தால், அடியில் இருக்கும் வெள்ளைப் பின்னணி கேன்வாஸ் முழுவதையும் நிரப்பியிருப்பதால், ஆல்ஃபா போட்டும் எதுவும் வெட்டுப்படாது. கிரிட்டாவில் ஏதோ கோளாறு என்று நினைத்து மீண்டும் நிறுவ வேண்டாம். குரூப்புக்குள் தள்ளினால் சரியாகிவிடும்.

மாறாத மேசைக்கு 'ஃபைல் லேயர்' அருமையான தீர்வு. மொட்டை மாடி, பாய், டிஎம்மின் (ஆட்டத்தை நடத்திக் கதை சொல்பவர்) மறைப்பு அட்டை, நடுவில் ஒரு தட்டு தட்டுவடை செட் எல்லாவற்றையும் தனிக் கோப்பாக ஒரு முறை வரைந்து, ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஃபைல் லேயராகச் சேர்த்துவிடலாம். பிறகு அந்த மூலக் கோப்பில் சுவரின் நிறத்தை மாற்றினால், சேர்த்த எல்லா இடத்திலும் மாறும். கோப்புறையை வேறிடத்துக்கு நகர்த்தினால் இணைப்பு அறுந்துவிடும் என்பதால், மூலக் கோப்பும் அத்தியாயமும் ஒரே கோப்புறைக்குள் இருக்கட்டும். தட்டுவடை செட்டைப் பற்றி ஒரு வார்த்தை: இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட் துருவலின் ஊதாச் சிவப்பு, கேரட்டின் ஆரஞ்சு, ஓரத்தில் எட்டிப் பார்க்கும் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி என்று நாலு புள்ளி வைத்தாலே போதும். இது சேலம் என்று ஒரு பெயர்ப்பலகைகூட எழுத வேண்டாம்.

கோடு

இங்க் பிரஷ்களில் 'ஃபைன்லைனர்' மேசை உலகத்துக்கும், 'பிரஷ் ரஃப்' கற்பனை உலகத்துக்கும் நன்றாகப் பொருந்துகின்றன. ஒரே தடிமனில் போகும் கோட்டில் நண்பர்கள், அழுத்தத்துக்கு ஏற்பத் தடிக்கும் கோட்டில் அவர்களின் வீரர்கள். வசனம் படிக்கும் முன்பே எந்த உலகத்தில் இருக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பேனல் ஓரத்தையும் அப்படியே பிரிக்கலாம்: மேசைக்கு நேர்க்கோடு, கற்பனைக்குக் கையால் இழுத்த கோடு.

கோடு நடுங்குகிறதென்றால் பிரஷ் ஸ்மூத்திங்கில் 'ஸ்டெபிலைசர்' இருக்கிறது. ஆனால் முகபாவனைக்கு அதைப் போடாதீர்கள். அது கையின் வேகத்தைத் தின்றுவிடும்; புருவமும் வாயும் வழவழவென்று ஆகி, எல்லா முகமும் தூங்குகிற மாதிரி தெரியும். முகத்துக்கு 'பேசிக்' போதும். பகடை, மேசை விளிம்பு, வாள் மாதிரி நீளக் கோடுகளுக்கு மட்டும் ஸ்டெபிலைசர். நேர்க்கோடு வேண்டுமென்றால் வி விசையைப் பிடித்துக்கொண்டு இழுங்கள்.

விலை குறைந்த பேனா டேப்லெட்டே இதற்குப் போதும். ஹூயான் ஹெச்640பி மாதிரி 6.3 × 3.9 அங்குலப் பரப்பும் 8192 அழுத்த நிலையும் உள்ள சின்னப் பலகையில் முழுத் தொடரையும் வரையலாம். பேனா எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஒரே தடிமனில் வந்தால் பலகை கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். கிரிட்டாவின் டேப்லெட் அமைப்பில் 'வின்டேப்', 'விண்டோஸ் பாயிண்டர் இன்புட்' என்று இரண்டு வழிகள் உண்டு. டேப்லெட்டின் டிரைவரில் 'விண்டோஸ் இங்க்' டிக் எப்படி இருக்கிறதோ அதற்குப் பொருந்தும் வழியை இங்கேயும் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால்தான் அழுத்தம் போய்ச் சேராது. மாற்றியபின் கிரிட்டாவை மூடித் திறக்க வேண்டும். இதைச் செய்யாமல்தான் பலர் மாற்றியும் பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

மின்வாரியப் பராமரிப்பு நாளில் டெஸ்க்டாப்பில் வரைபவர்களுக்கு: தானியங்கிச் சேமிப்பு இருக்கிறது, திடீரென நின்றால் அடுத்த முறை திறக்கும்போது மீட்கட்டுமா என்று கேட்கும். ஆனாலும் கண்ட்ரோல்+ஆல்ட்+எஸ் பழக்கம் அதைவிட நல்லது. ஒவ்வொரு முறையும் எண் கூட்டி ஒரு புதிய பதிப்பாகச் சேமிக்கும்.

இருபது முகப் பகடை

இதைச் சரியாக வரைபவர்கள் மிகக் குறைவு. முதலில் ஒழுங்கான அறுகோணம் ஒன்று, ஒரு முனை மேலே இருக்கும்படி. உள்ளே மையத்தில் ஒரு சமபக்க முக்கோணம், அதுவும் முனை மேலே. முக்கோணத்தின் முனைகள், மையத்திலிருந்து அறுகோண முனைக்கு உள்ள தூரத்தில் சுமார் 0.62 பங்கில் நிற்க வேண்டும். பலரும் முக்கோணத்தைப் பெரிதாகப் போட்டுவிடுகிறார்கள். அப்போது பகடை தட்டையான வில்லை மாதிரி ஆகிவிடும். பிறகு முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலிருந்தும் மூன்று கோடுகள்: அதற்கு நேரே வெளிப்பக்கம் இருக்கும் அறுகோண முனைக்கு ஒன்று, அதன் இரு பக்கத்து முனைகளுக்கும் ஒவ்வொன்று. மொத்தம் ஒன்பது கோடுகள். பத்து முகங்கள் தெரியும். அதுதான் சரியான எண்ணிக்கை.

எண்களிலும் கணக்கு இருக்கிறது. வழக்கமான பகடையில் எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் 21 வரும். நடு முகத்தில் 20 இருந்தால், அதன் விளிம்பை ஒட்டிய மூன்று முகங்களில் 2, 8, 14 இருக்கும். நடுவில் 1 இருந்தால் 7, 13, 19. காமிக்கில் 20-ம் 1-ம் தான் திரும்பத் திரும்ப வரும் என்பதால் இந்த இரண்டு கோணங்களை மட்டும் வரைந்து வைத்துக்கொண்டால் போதும். 6, 9 வரும் முகத்தில் அடியில் கோடோ புள்ளியோ போட மறக்காதீர்கள். இதை கிரிட்டாவின் வெக்டர் லேயரில் பாலிகன் கருவியால் வரைந்து, தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்காது. உருளும் பகடைக்கு மட்டும் அப்படியே ஒட்டாதீர்கள். டிரான்ஸ்ஃபார்ம் கருவியால் சற்றுத் திருப்பி, பின்னால் இரண்டு வேகக் கோடு இழுத்தால்தான் அது உருள்கிறது என்று நம்ப முடியும்.

வண்ணம்

'கலரைஸ் மாஸ்க்' கிரிட்டாவின் பெருமைக்குரிய வசதி. கோட்டு லேயரின் மேல் மாஸ்க்கைச் சேர்த்து, சட்டைக்கு நீலத்தில் ஒரு கீறல், தோலுக்கு ஒரு கீறல், பின்னணிக்கு ஒரு கீறல் போட்டு 'அப்டேட்' அழுத்தினால், கோட்டு எல்லைக்குள் தானாக நிரப்பும். பின்னணிக்குப் போட்ட நிறத்தை 'டிரான்ஸ்பரன்ட்' என்று குறித்துவிட வேண்டும். இல்லையென்றால் பின்னணி முழுக்க அந்த நிறம் பூசிவிடும். கோட்டில் இடைவெளி இருந்தாலும் சமாளிக்கும். அதற்கென்று ஒரு அளவுகோலும் உண்டு. ஆனால் பக்கம் முழுவதற்கும் ஒரே மாஸ்க் போட்டால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் காத்திருக்க வேண்டிவரும். பேனலுக்கு ஒன்றாகப் போடுங்கள். முடிந்ததும் பெயிண்ட் லேயராக மாற்றிவிடுங்கள்.

நாலு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் மேசைப் பேனலுக்குக் கலரைஸ் மாஸ்க் நேரத்தை நிறைய மிச்சப்படுத்தும். ஒரு டிராகன், ஒரு குகை மட்டும் என்றால் சாதாரண ஃபில் கருவியே வேகம். அதில் 'குரோ' அளவை 2 அல்லது 3 பிக்சல் வைத்தால் கோட்டுக்கும் நிறத்துக்கும் நடுவில் வெள்ளை விளிம்பு தெரியாது.

ஏற்காட்டு மூடுபனி

கற்பனை உலகம் என்றால் ஐரோப்பியக் கோட்டையும் பைன் மரமும்தான் வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தலைக்கு மேலே சேர்வராயன் மலை இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதை, காப்பித் தோட்டத்துக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறும் மிளகுக்கொடி, கரடிக் குகை, உச்சியில் 1600 மீட்டருக்கு மேல் நிற்கும் சேர்வராயன் கோயில், வழியில் குறுக்கே நிற்கும் காட்டெருது. ஒரு சாகசக் குழுவுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒவ்வொரு வளைவிலும் டிஎம் ஒரு முறை பகடை உருட்டச் சொல்வதே ஒரு முழு அத்தியாயத்துக்கான சரக்கு.

வரைகிற முறை இது. மலையை மூன்று ஆழமாகப் பிரித்து மூன்று குரூப்பில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெளிர் நீலச் சாம்பலில், நிறத்திலிருந்து வெறுமைக்குப் போகும் கிரேடியன்ட் ஒன்றைக் கீழிருந்து மேலாக இழுங்கள். தூரத்து மலைக்குக் கறுப்புக் கோடே வேண்டாம். 8 பிட்டில் இந்த மூடுபனி கைபேசியில் பட்டை பட்டையாகத் தெரியும். சமூக ஊடகம் படத்தை அமுக்கும்போது அது இன்னும் மோசமாகும். சொரசொரப்பான பிரஷ் ஒன்றால் மேலே லேசாகத் தேய்த்துவிட்டால் பட்டை மறைந்துவிடும். சாலை வளைவுகளுக்குப் பரிமாண உதவிக்கோடுகளைத் தேட வேண்டாம். கையால் இழுத்த வளைவுதான் மலைப்பாதையாகத் தெரிகிறது.

தமிழ் எழுத்து

இப்போது சிக்கலுக்கு வருவோம். 5.2-ல் எழுத்தை வடிவமைக்கும் இயந்திரம் புதிதாக மாற்றப்பட்டது. அதனால் யூனிகோடு தமிழ் உடைவதில்லை. 'செய்கூலி' என்று எழுதினால் கொம்பு சகரத்துக்கு முன்னால்தான் நிற்கும், புள்ளிவட்டம் எதுவும் முளைக்காது. குறை எழுத்தில் இல்லை, கையாளும் விதத்தில்தான். தனியாகத் திறக்கும் ஒரு ஜன்னலில் தட்டச்சு செய்து 'சேவ்' அழுத்தினால்தான் பலூனில் எப்படி உட்கார்ந்தது என்று தெரியும். வரி மடிப்பு, வரி இடைவெளி மாதிரியானவற்றை நுணுக்கமாகத் திருத்த எஸ்விஜி என்ற குறிமுறை மூலத்துக்குள் கை வைக்க வேண்டிவரும். அதன்பின் மறுபடி ரிச் டெக்ஸ்ட் பக்கத்துக்குப் போனால் அந்தத் திருத்தம் காணாமல் போக வாய்ப்புண்டு. ஒரு பலூனுக்கு இது தாங்கும். பன்னிரண்டு பலூன் உள்ள அத்தியாயத்துக்குத் தாங்காது. 5.3 வரிசையில் படத்தின் மேலேயே தட்டச்சு செய்யும்படி கருவியை மாற்றியிருக்கிறார்கள் என்பது நல்ல செய்தி. இருந்தாலும் வசனத்தைப் படத்திலிருந்து பிரித்து வைப்பதில் வேறு லாபங்களும் உண்டு: பிழை திருத்துவது, வேறொருவரிடம் சரிபார்க்கக் கொடுப்பது, ஆங்கிலப் பதிப்புக்குத் தனி லேயர் போடுவது. பெப்பர் அண்ட் கேரட் என்ற திறமூல வெப்காமிக் இதே முறையில்தான், படம் கிரிட்டாவிலும் வசனம் இங்க்ஸ்கேப்பிலுமாக, பல மொழிகளில் வருகிறது. அந்தக் காமிக்கின் பேச்சு பலூன்கள் கிரிட்டாவின் வெக்டர் நூலகத்திலேயே சேர்ந்து வருகின்றன. ஆனால் அவை தமிழுக்குக் கொஞ்சம் ஒடுக்கம்.

இங்க்ஸ்கேப்பில் செய்ய வேண்டியது: 2160 × 2700 பிக்சலில் ஆவணம் திறந்து, கிரிட்டாவிலிருந்து எடுத்த வசனமில்லாத பிஎன்ஜியை உள்ளே கொண்டுவாருங்கள். அப்போது 'எம்பெட்' வேண்டாம், 'லிங்க்' கொடுங்கள். படத்தைத் திருத்தி அதே பெயரில் எடுத்தால் இங்கும் மாறிவிடும். கோப்பு இடம் மாறினால் படத்துக்குப் பதில் சிவப்புப் பெருக்கல் குறி தெரியும். எழுத்துக் கருவியால் ஒரு பெட்டி இழுத்து, நடுவில் சீர்படுத்தி, வசனத்தை எழுதுங்கள். பலூனை அதற்குப் பிறகுதான் போட வேண்டும். முதலில் பலூன் வரைந்துவிட்டு அதற்குள் தமிழைத் திணிப்பதுதான் எல்லாக் கோணலுக்கும் ஆரம்பம். எழுத்துக்குப் பின்னால் நீள்வட்டம், வால் ஒன்று, இரண்டையும் 'யூனியன்' செய்தால் ஒரே பலூன். கோடு 6 பிக்சல்.

எழுத்தின் அளவு 2160 அகலத்தில் 64 பிக்சலுக்குக் குறையவே கூடாது. பாதியாகச் சுருங்கிக் கைபேசியில் வரும்போது அது சுமார் 2 மில்லிமீட்டர் உயரம்தான். வரி இடைவெளி 1.25-லிருந்து 1.3. ஆங்கிலத்துக்குப் பழகிய 1.1-ல் விட்டால், மேல் வரியின் 'கூ', 'ழு' இவற்றின் வாலும் கீழ் வரியின் 'கி', 'தீ' இவற்றின் சுழியும் ஒன்றோடொன்று மோதும்.

வரி மடிப்பில் மென்பொருளை நம்பக் கூடாது. அது சொற்களுக்கு நடுவில் இடைவெளி இருக்கும் இடத்தில்தான் மடிக்கும். தமிழிலோ 'பார்த்துக்கிட்டிருக்கேன்' என்று ஒரே சொல் ஒரு வரியை விழுங்கும். மேல் வரியில் ஓட்டை விழும். அந்த இடத்தில் நீங்களே மடிக்க வேண்டும். வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. 'பார்த்துக்-கிட்டிருக்கேன்' என்று மடிக்கலாம், 'பார்-த்து' என்று மடிக்கக் கூடாது. அச்சில் வழக்கம்போல இணைப்புக்கோடு தேவையில்லை. இதைவிட நல்ல வழி, சொல்லையே மாற்றுவது. 'பார்க்கறேன்' என்றால் பலூனும் சிறுக்கும், சிரிப்பும் சீக்கிரம் வரும்.

எழுத்துருக்களில் பலூ தம்பி 2 முதல் தேர்வு. உருண்டையானது, தடிமன் பல அளவில் கிடைக்கிறது, சிறிதாக்கினாலும் தெளிவு. வசனத்துக்கு நடுத் தடிமன், கத்தலுக்கு மிகு தடிமன். தமிழில் பெரிய எழுத்து கிடையாது என்பதால் உரக்கப் பேசுவதைத் தடிமனாலும் அளவாலும்தான் காட்ட முடியும். கவிவனார் கையெழுத்துச் சாய்வோடு வருவதால் டிஎம் கதை சொல்லும் பெட்டிகளுக்குப் பொருத்தம். மந்திரம் வெடிக்கும் 'டமார்' எழுத்துக்குக் காய்னி. நேரான எழுத்துருவை மென்பொருளில் சாய்க்காதீர்கள். கால்களும் கொம்புகளும் குடைசாய்ந்த மாதிரி தெரியும். இவை எல்லாமே ஓஎஃப்எல் என்ற திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. காமிக்கைப் புத்தகமாக்கி விற்றாலும் தடையில்லை. பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யாதீர்கள். அவை யூனிகோடு அல்ல. பிறகு அந்த வசனத்தைத் தேடவோ வேறு எழுத்துருவுக்கு மாற்றவோ முடியாது.

ஒரு நாலு பேனல் காமிக்கை வைத்துப் பார்க்கலாம். ஒருவர் ஆடுவது செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு வியாபாரியாக இருந்த திருடர். முதல் பேனல், மேசை. டிஎம்: "குகைக்குள்ள தங்க மலை. அதும்மேல டிராகன் தூங்குது." இரண்டாவது, நண்பர் பகடை உருட்டுகிறார்: "எழுப்பிப் பேரம் பேசறேன்." 20 விழுகிறது. மூன்றாவது, கற்பனை உலகம், கையில் தராசோடு திருடர், டிராகனின் மூக்குக்குக் கீழே நின்று: "செய்கூலி, சேதாரம் எவ்வளவுங்க? ஹால்மார்க் இருக்குங்களா?" நான்காவது, மறுபடி மேசை. டிஎம்: "டிராகன் கடையச் சாத்திட்டுப் போயிருச்சு."

இதில் மூன்றாவது பேனல்தான் பலூனைச் சோதிப்பது. இரண்டு கேள்விகளையும் ஒரே பலூனில் போட்டால் நாலு வரி ஆகி டிராகனின் முகத்தை மறைக்கும். முகம் தெரியாவிட்டால் இந்த நகைச்சுவையே இல்லை. எனவே இரண்டு பலூன்: முதலாவது இடது மேலே, இரண்டாவது வலது கீழே சிறியதாக, நடுவில் டிராகனின் ஒரு கண். நான்காவது பேனலில் டிஎம்மின் பலூனை மேலே வைக்காமல் பேனலின் அடிப்பகுதிக்கு இறக்குங்கள். வாசகர் முதலில் திருடரை ஆடும் நண்பரின் முகத்தைப் பார்க்கட்டும், பிறகு வசனத்துக்கு வரட்டும். ஒரு கணம் தாமதித்து வரும்போதுதான் சிரிப்பு வெடிக்கும்.

விளையாட்டு தெரிந்த வாசகர்கள் கேட்கப் போகும் கேள்வி ஒன்றுக்குப் பதிலும் கைவசம் இருக்கட்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு விதிப்படி 20 விழுந்தால் தானாக வெற்றி என்பது தாக்குதல் உருட்டலுக்குத்தான், பேச்சுவார்த்தைக்கு இல்லை. மேலே டிராகன் கடையைச் சாத்தியது விதிக்கு உட்பட்டதுதான்.

வெளியிடுவதும் அச்சும்

இங்க்ஸ்கேப்பிலிருந்து முழு 2160 அகலத்திலேயே பிஎன்ஜி எடுத்து, அதை கிரிட்டாவில் திறந்து 'லான்சோஸ்' வடிகட்டியோடு பாதியாக்குங்கள். இங்க்ஸ்கேப்பிலேயே சுருக்கி எடுத்தால் கோடுகள் சற்றுக் கரகரப்பாக வருகின்றன. வெப்டூன் கேன்வாஸ் தளத்தில் போடுபவர்கள் 800 × 1280 பிக்சல் துண்டுகளாக வெட்ட வேண்டும். வெட்டுக்கோடு பலூனின் குறுக்கே போகாதபடி பேனல்களுக்கு நடுவில் இடம் விட்டு வரையுங்கள்.

அச்சுக்கு கிரிட்டா அரைகுறை. அச்சுக்கான நாலு மை நிறமுறையான சிஎம்ஒய்கே-யில் வேலை செய்யும். ஆனால் நேரடியாகப் பிடிஎஃப் எடுக்காது. பக்கங்களை ஒழுங்குபடுத்த 'காமிக்ஸ் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்' என்ற பைத்தான் ப்ளகின் கூடவே வருகிறது; பைத்தான் ப்ளகின் மேலாளரில் டிக் செய்து, மூடித் திறந்தால் கிடைக்கும். அது சிபிஇசட், ஈபப் எடுத்துத் தரும், மின்னூலுக்கு நன்று. சேலத்து அச்சகத்தில் ஏ5 சிறுபுத்தகம் போட வேண்டுமென்றால் ஸ்க்ரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் தேவை. பக்கங்கள் நான்கின் மடங்கில், சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதல் ஓரம். வசனத்தைப் பாத் ஆக, அதாவது எழுத்தாக இல்லாமல் வெறும் வடிவமாக, மாற்றிவிடுங்கள். அச்சகத்தின் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டாலும் கவலையில்லை. மாற்றாத பிரதி ஒன்றைத் தனியே வைத்திருங்கள், பாத் ஆனபின் பிழை திருத்த முடியாது. எழுத்தின் கறுப்பு, நாலு மையும் கலந்த கறுப்பாக இல்லாமல் கறுப்பு மை மட்டுமாக இருக்க வேண்டும் என்று அச்சகத்தாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தகடு இம்மியளவு விலகினாலும் தமிழின் சுழிகளைச் சுற்றி வண்ண நிழல் விழும்.

விற்பதாக இருந்தால் எதை வரைகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதி ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி-பை 4.0 உரிமத்தில் வெளியானது. அதிலுள்ள கோப்ளின், டிராகன், மந்திரப் பெயர்களை உரிய நன்றிக்குறிப்போடு தாராளமாகப் பயன்படுத்தலாம். பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் இரண்டும் அதில் உயிரினங்களாக இல்லை. விற்பனைப் புத்தகத்தில் அவற்றை வரையாதீர்கள். இணையத்தில் இலவசமாகப் போடுவதற்கு இந்த விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனத்தின் ரசிகர் படைப்புக் கொள்கை இடம் தருகிறது. விளம்பர வருமானமும் நன்கொடையும் வாங்கலாம், படிக்கக் கட்டணம் வைக்கக் கூடாது, அதிகாரபூர்வமற்ற படைப்பு என்ற குறிப்பும் இருக்க வேண்டும். அந்தக் குறிப்புக்கும் நன்றிக்குறிப்புக்கும் கடைசிப் பேனலுக்குக் கீழே ஒரு பட்டையைத் தொடக்கத்திலேயே விட்டு வையுங்கள். பதிவின் உரையில் மட்டும் எழுதினால், படத்தை யாராவது இறக்கிப் பகிரும்போது அது கூட வராது.